தேம்ஸ் சேற்றிலிருந்து ஒரு மர்ம நாவல்: தெருப் பிள்ளையை வைத்து ஸ்டீம்பங்க் எழுத முழுமையான வழிகாட்டி

ஸ்டீம்பங்க், அதாவது நீராவி யுகத்தில் நடக்கும் அறிவியல் புனைகதை, எழுத உட்காரும் பலரும் முதலில் கற்பனை செய்வது வானக்கப்பலையும் பித்தளைக் கண்ணாடியையும் சுழலும் பற்சக்கரங்களையும்தான். பிறகுதான் அதற்குள் யாரை ஓட விடலாம் என்று யோசிக்கிறார்கள். அனாதைப் பிள்ளை ஒன்று கிடைத்துவிடும். அது கூரை மேல் ஓடும், குற்றவாளியைப் பிடிக்கும். ஆனால் அந்த இடத்தில் எந்தப் பிள்ளையை வைத்தாலும் கதை அப்படியே நடக்கும் என்றால், அந்தப் பிள்ளைக்குக் கதையில் வேலையே இல்லை.

நான் சொல்வது வேறு வழி. பிள்ளை எதைச் செய்து வயிற்றைக் கழுவுகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அந்தப் பிழைப்பு கற்றுக்கொடுத்த அறிவால் மட்டுமே மர்மம் அவிழ வேண்டும். இயந்திரமும் அந்த அறிவுக்கு மட்டுமே புலப்படும் தடயத்தை விட்டுச் செல்ல வேண்டும். 13 வயதிலிருந்து 18 வயது வரையுள்ள வாசகர்களுக்கு எழுதுகிறோம். "எனக்குத் தெரிந்தது எதற்கும் உதவாது" என்று எல்லோரும் சொல்லக் கேட்டு வளரும் வயது அது. இந்த அமைப்பு அவர்களை நேராகத் தொடும்.

படி 1: பிழைப்பைத் தேர்ந்தெடுங்கள்

விக்டோரியா காலத்து லண்டனை எடுத்துக்கொள்வோம். அந்தத் தெருப் பிள்ளைகளைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பெரிய புதையல் ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் எடுத்த பேட்டிகள். 1849, 1850-இல் 'மார்னிங் கிரானிக்கிள்' நாளிதழில் எழுதத் தொடங்கி, 1851 முதல் 'லண்டன் லேபர் அண்ட் தி லண்டன் புவர்' என்ற பெயரில் தொகுத்தார். பணக்காரர்கள் தெருவைக் கடக்கும்போது முன்னால் ஓடிச் சாணியும் சேறும் கூட்டித் தள்ளும் சிறுவர்கள், கீரை விற்ற எட்டு வயதுச் சிறுமி, சாக்கடைக் குழாய்களுக்குள் நுழைந்து காசும் உலோகமும் தேடியவர்கள் என்று எல்லோரும் அதில் பேசுகிறார்கள். காப்புரிமை காலம் முடிந்த நூல், இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

நான் இங்கே எடுத்துக்கொள்வது மட்லார்க் பிள்ளைகளை. தேம்ஸ் நதியில் நீர் வற்றும்போது சேற்றில் இறங்கித் துழாவிப் பொறுக்குபவர்கள். சரக்குத் தோணிகளிலிருந்து விழுந்த நிலக்கரி, பழைய இரும்பு, கயிற்றுத் துண்டு, எலும்பு, செம்பு ஆணி என எது கையில் பட்டாலும் எடுப்பார்கள். மேஹ்யூ விலைகளையும் எழுதி வைத்திருக்கிறார்: சுமார் 14 பவுண்டு எடையுள்ள நிலக்கரி ஒரு பென்னி, 5 பவுண்டு இரும்பு ஒரு பென்னி. செம்பு ஆணிக்கு மட்டும் ஒரு பவுண்டு எடைக்கு 4 பென்ஸ். ஆனால் அது அபூர்வம், ஏனென்றால் செப்புத் தகடு அடிக்கும் கப்பல் பக்கம் இந்தப் பிள்ளைகளை விடமாட்டார்கள். ஒரு நாள் முழுக்க உழைத்தால் சராசரியாக 3 பென்ஸ் தேறும்.

நம் கதாநாயகிக்கு ஹெட்டி என்று பெயர் வைப்போம். வயது பன்னிரண்டு, வாப்பிங் கரையில் வாழ்கிறாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இப்போது ஒரு நோட்டை எடுத்து, அவள் கைகளுக்கும் கால்களுக்கும் தெரிந்தவற்றை எழுதுங்கள். சேறு எங்கே ஆழம், எங்கே கெட்டி; நனைந்த கயிறு எவ்வளவு கனக்கும்; எந்த நிலக்கரியை எந்த வீட்டுக்காரி வாங்குவாள்; எந்த முடிச்சை யார் போட்டது. இந்தப் பட்டியல் ஒரு பக்கம் நிறையும் வரை கதைக்குள் போகாதீர்கள். துப்புகள் எல்லாம் இதிலிருந்துதான் முளைக்கப் போகின்றன.

படி 2: ஆண்டைப் பூட்டுங்கள்

"விக்டோரியா காலம்" என்று மொத்தமாகச் சொன்னால் போதாது. அது 1837-இலிருந்து 1901 வரை நீள்கிறது. மாதம் வரை குறியுங்கள். நான் 1863 ஜனவரியைத் தேர்ந்தெடுப்பேன். அந்த மாதம் 10-ஆம் தேதி பேடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் வரை உலகின் முதல் சுரங்க ரயில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது, அதுவும் நீராவி எஞ்சினோடு. 1858-இல் நதியின் நாற்றம் தாங்காமல் பாராளுமன்றமே திணறிய பிறகு, பொறியாளர் பஸல்கெட் தலைமையில் ஊருக்கு அடியில் பெரும் சாக்கடைகள் கட்டப்பட்டுக்கொண்டிருந்தன. யூஸ்டனில் காற்றழுத்தக் குழாய் வழியே தபால் பைகளை அனுப்பும் பாதை தொடங்கவிருந்தது. கற்பனையே கலக்காமல் ஊர் ஏற்கெனவே பாதி ஸ்டீம்பங்க்.

இல்லாதவற்றையும் குறித்து வையுங்கள். தொலைபேசி 1876-இல்தான். லண்டன் போலீஸ் 1880-களில்தான் விசிலுக்கு மாறியது. அதுவரை மரக் கிலுகிலுப்பை. லண்டன் போலீஸ் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டில் கைரேகைப் பிரிவு 1901-இல். எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் என்ற சட்டம் வந்ததே 1870-இல். அதனால் ஹெட்டி பகல் முழுக்கச் சேற்றில் நிற்பதை யாரும் தடுக்கப் போவதில்லை.

படி 3: ஒரே ஒரு பொய் சொல்லுங்கள்

வரலாற்றில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றுங்கள். அதன் விளைவுகளைப் பிறகு நேர்மையாகத் தொடருங்கள். நான் மாற்றுவது சார்லஸ் பாபேஜ் என்ற கணித அறிஞரின் கணக்கியந்திரத்தை.

உண்மையில் நடந்தது இது. கணித அட்டவணைகளைத் தானாகக் கணக்கிடும் வித்தியாச இயந்திரத்தை பாபேஜ் 1820-களில் தொடங்கினார். அரசு சுமார் 17,000 பவுண்டு செலவழித்துவிட்டு 1842-இல் கைவிட்டது. அதற்குள் அவர் மனம், கொடுக்கும் ஆணைப்படி எந்தக் கணக்கையும் போடக்கூடிய இன்னும் பெரிய பகுப்பாய்வு இயந்திரத்துக்குப் போய்விட்டது. அதற்கு ஆணைகள் துளை அட்டைகளில் போகும்; ஜக்கார்டு தறியில் பூ போடுவதற்குக் கோத்துவிடும் அதே வகை அட்டைதான். காஞ்சிபுரத்துத் தறிக்காரர் வீட்டில் அந்த அட்டை மாலையைப் பார்த்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். 1843-இல் கணித அறிஞர் ஏடா லவ்லேஸ் அதைப் பற்றிய குறிப்புகளை வெளியிட்டார். இயந்திரம் மட்டும் முழுதாக உருவாகவே இல்லை. பாபேஜின் வடிவமைப்பு வேலை செய்யும் என்பதை 1991-இல் லண்டன் சயின்ஸ் மியூசியம் அவருடைய இரண்டாவது வித்தியாச இயந்திரத்தைக் கட்டி நிரூபித்தது.

நம் கதையில் 1842-இல் அரசு கைவிடவில்லை. அவ்வளவுதான் மாற்றம். இருபது ஆண்டுகள் கழித்து, 1863-இல் என்ன ஆகியிருக்கும்? காப்பீட்டு நிறுவனங்களும் வங்கிகளும் இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கும். ஒர்க்ஹவுஸ் எனப்பட்ட ஏழை விடுதிகளில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை இருக்கும். அட்டை சொல்வதே உண்மை என்றாகியிருக்கும். அட்டை இல்லாத பிள்ளை, ஹெட்டியைப் போல, கணக்கிலேயே இருக்காது.

இன்னொரு தகவல், நாவலாசிரியருக்குக் கிடைக்கும் வரம். பாபேஜுக்குத் தெரு இசைக்காரர்களைக் கண்டால் ஆகாது. கைப்பிடியைச் சுழற்றி இசைப்பெட்டி வாசிப்பவர்கள் மேல் தொடர்ந்து புகார் கொடுத்தார்; 1864-இல் தெரு இசையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்ததில் அவருடைய பங்கு பெரிது. வேண்டுமென்றே அவர் வீட்டு வாசலில் வந்து வாசித்தார்கள், தெருப் பிள்ளைகள் அவர் பின்னால் கூச்சல் போட்டுக்கொண்டு போனார்கள். கணினியின் தந்தைக்கும் தெருப் பிள்ளைகளுக்கும் இருந்த பகை பதிவான வரலாறு. ஓர் அத்தியாயத்தில் அந்தக் கிழவர் வந்து போகட்டும். அதற்கு மேல் இழுக்காதீர்கள்.

வானக்கப்பல் வேண்டுமா? 1852-இல் பிரான்சில் ஆன்றி ஜிஃபார் மூன்று குதிரைத்திறன் நீராவி எஞ்சினோடு சுமார் 27 கிலோமீட்டர் பறந்தார், உண்மைதான். ஆனால் அது இரண்டாவது பொய். முதல் பொய்யின் பலத்தைக் குறைத்துவிடும். விட்டுவிடலாம்.

படி 4: இயந்திரத்துக்குத் தீனி போடுங்கள்

இந்தப் படியில்தான் நிறைய நாட்கள் செலவழிக்க வேண்டும். பல கதைகளில் இயந்திரம் தானாக ஓடுகிறது. நீராவி அப்படி ஓடாது. நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்: நிலக்கரி எங்கிருந்து வருகிறது? சாம்பல் எங்கே போகிறது? தண்ணீர் எங்கிருந்து? வெந்நீர் எங்கே?

இந்த நான்கால்தான் நீராவி இயந்திரத்தை ரகசியமாக வைத்திருக்க முடியாது. கதவைப் பூட்டலாம், ஜன்னலை மறைக்கலாம், ஆனால் அது தின்னவும் கழிக்கவும் செய்யும். ஆகவே நம் குற்றவாளி வாப்பிங் கரையில், மூடிக் கிடக்கும் ஒரு கிடங்குக்குள், இன்னொரு கணக்கியந்திரத்தைத் திருட்டுத்தனமாக ஓட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். புகை தெரியாமல் இருக்க என்ன செய்வான்? சவுத் வேல்ஸிலிருந்து வரும் நீராவிக் கரியை வாங்குவான். அதில் புகை மிகக் குறைவு. பிரிட்டிஷ் கடற்படை அதை விரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம். லண்டன் வீடுகளில் எரிந்ததோ பெரும்பாலும் நியூகாசில் பக்கத்திலிருந்து கப்பலில் வந்த கரி. அது சீக்கிரம் பற்றும், நல்ல சுடர் விடும். வேல்ஸ் கரி வீட்டு அடுப்பில் லேசில் பற்றாது.

இங்கே முதல் துப்பு தானாக வந்து விழுகிறது. இரவில் கரி இறக்கும்போது சில கட்டிகள் சேற்றில் விழும். ஹெட்டி பொறுக்கி வழக்கமான கிழவியிடம் விற்பாள். மறுநாள் கிழவி சண்டைக்கு வருவாள்.

இரண்டாவது துப்பு இன்னும் அருமையானது. குளிர்காலத்தில் மட்லார்க் பிள்ளைகள் ஆலைகளிலிருந்து ஆற்றுக்குள் விடப்படும் வெந்நீரில் உறைந்துபோன கால்களைச் சூடாக்கிக்கொள்வார்கள் என்று மேஹ்யூ பதிவு செய்திருக்கிறார். ஹெட்டிக்கும் அப்படி ஓர் இடம் தெரியும். யாருமில்லாத கிடங்கின் அடியில் சேறு வெதுவெதுப்பாக இருக்கிறது. அவள் அதை யாரிடமும் சொல்ல மாட்டாள், சொன்னால் மற்ற பிள்ளைகள் இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள். அவளுக்குக் கிடைக்கும் ஒரே சுகம்தான் குற்றத்தின் தடயம். அதை ஒரு நாள் அவள் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். நாவலின் நடுப்பகுதிக்கு இதைவிட நல்ல திருப்பம் தேவையில்லை.

படி 5: குற்றத்தைக் கடைசியிலிருந்து எழுதுங்கள்

மர்மக் கதையை எழுதுபவர் முதலில் குற்றவாளியின் கதையை எழுத வேண்டும். தேதிவாரியாக, அவன் பார்வையில், ஐந்தாறு பக்கம். யாருக்கும் காட்ட வேண்டாம்.

நம் குற்றத்துக்கும் வரலாற்றில் வேர் இருக்கிறது. அந்தக் காலத்து ஏழைகள் வாரம் அரை பென்னி, ஒரு பென்னி கட்டி, சாவுச் செலவுக்காகச் சங்கங்களில் சேர்ந்தார்கள். ஒரே பிள்ளையைப் பல சங்கங்களில் சேர்த்துப் பணம் வாங்கும் மோசடி 1840-களில் பெரிய ஊழலாகப் பேசப்பட்டது; பாராளுமன்றம் சட்டம் போட்டுத் தொகைக்கு வரம்பு கட்டியது. நம் கதையில் காப்பீட்டு அலுவலக எழுத்தர் ஒருவர் விடுதிப் பிள்ளைகளின் அட்டைகளில் "இறப்பு" என்று துளையிட்டு, அந்தப் பணத்தை எடுக்கிறார். பிள்ளைகள் சாகவில்லை. அவர்களைத் திருட்டு இயந்திரத்துக்குள் அனுப்பிப் பற்சக்கரங்களுக்கு இடையே துடைக்க வைக்கிறார்கள். பஞ்சாலைகளில் ஓடும் இயந்திரத்துக்கு அடியில் பிள்ளைகளை நுழைய விட்டுக் கழிவுப் பஞ்சு பொறுக்க வைத்தார்கள். அதே வேலைதான், இடம் மட்டும் வேறு.

ஹெட்டியின் நண்பன் சாம் இலையுதிர்காலத்தில் விடுதியில் சேர்ந்தான். அவள் பார்க்கப் போகிறாள். எழுத்தர் அட்டையை எடுத்து, "இந்தப் பையன் செத்துப் புதைத்தாயிற்று" என்கிறார். நாவல் இங்கே தொடங்குகிறது.

படி 6: துப்பை வேறு எதுவாகவோ காட்டுங்கள்

வாசகர் துப்பைப் பார்த்திருக்க வேண்டும், துப்பு என்று தெரிந்திருக்கக் கூடாது. அதற்கு நம்பகமான வழி, துப்பு முதல்முறை வரும்போது அதற்குக் கதையில் வேறொரு வேலை கொடுப்பது. கிழவியின் சண்டையை இப்படி எழுதலாம்:

"என்னடி கரி கொடுத்த? ராத்திரி பூரா ஊதினேன். கல்லு மாதிரி கிடக்கு."

"நல்ல கரிதான் பாட்டி. எடையைப் பாருங்க."

"எடையைத் தின்னவா முடியும்? என் பென்னியைத் திருப்பிக் கொடு."

ஹெட்டி உள்ளங்கையை மூடிக்கொண்டாள். அந்தப் பென்னி ஏற்கெனவே ரொட்டியாகி வயிற்றுக்குள் போயிருந்தது.

வாசகர் இதைப் பசியின் காட்சியாகப் படிப்பார். கரி ஏன் பற்றவில்லை என்ற கேள்வி அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். எட்டு அத்தியாயம் கழித்து, நீராவிக் கப்பலில் அடுப்புக்குக் கரி தள்ளிய இந்திய மாலுமி ஒருவர் அந்தக் கட்டியை உடைத்துப் பார்த்து, "இது கப்பல் கரியாச்சே" என்பார். லஸ்கர் எனப்பட்ட அந்த மாலுமிகள் லண்டன் துறைமுகப் பகுதியில் நிறையப் பேர் இருந்தார்கள். 1857-இல் லைம்ஹவுஸில் அவர்களைப் போன்ற ஆசிய, ஆப்பிரிக்க மாலுமிகளுக்காக ஒரு விடுதி திறக்கப்பட்டது. அவரை மர்ம மனிதராகவோ மந்திரக்காரராகவோ ஆக்கிவிடாதீர்கள். அவரும் பிழைப்பால் அறிவு பெற்ற மனிதர். அவர் அறிவும் ஹெட்டியின் அறிவும் சேரும்போதுதான் துப்பு முழுமையாகிறது.

மூன்றாவது துப்பு முடிச்சு. சாம்பல் மூட்டைகளை இரவில் ஆற்றில் தள்ளுகிறார்கள். பழைய கயிற்றைப் பிரித்து விற்பவளுக்கு ஒவ்வொருவர் கட்டும் முடிச்சும் கையெழுத்துதான். ஒரு மூட்டையின் வாயில் சாம் போடும் முடிச்சு இருக்கிறது. செத்தவன் போன வாரம் முடிச்சுப் போட்டிருக்கிறான்.

ஒவ்வொரு துப்புக்கும் நோட்டில் ஒரு வரி ஒதுக்குங்கள்: முதலில் எங்கே வருகிறது, அப்போது என்னவாகத் தெரிகிறது, எங்கே புரிகிறது. முதல் வரவுக்கும் புரிதலுக்கும் இடையே குறைந்தது மூன்று அத்தியாயம் போகட்டும்.

படி 7: பெரியவர்கள் ஏன் வரவில்லை?

"போலீஸில் சொல்ல வேண்டியதுதானே?" என்று வாசகர் கேட்பார். பதில் தயாராக இருக்க வேண்டும். 1842-இல் லண்டன் போலீஸின் துப்பறியும் பிரிவு தொடங்கியபோது மொத்தமே 8 பேர். தவிர, தோணியிலிருந்து கரி எடுத்தால் அது திருட்டு. அதற்காகச் சிறை போன மட்லார்க் சிறுவன் ஒருவன், அங்கே காலுக்குச் செருப்பாவது கிடைத்தது என்று மேஹ்யூவிடம் சொல்லியிருக்கிறான். ஹெட்டி போலீஸிடம் போனால் முதலில் அவள் கையிலிருக்கும் கரிக்கட்டிதான் குற்றச் சாட்சி ஆகும்.

நல்ல பெரியவர் ஒருவர் இருக்கட்டும். 1844-இல் ஏழைப் பிள்ளைகளுக்கான இலவசப் பள்ளிகள் ஒரு சங்கமாக இணைந்தன. அப்படி ஒரு பள்ளியின் ஆசிரியை பொருத்தமாக இருப்பார். அவரால் அட்டையைப் படிக்க முடியும், ஆனால் அட்டையை நம்புவார். அந்த நம்பிக்கையை உடைப்பது ஹெட்டியின் பெரிய சோதனை.

படி 8: ஓதத்தைக் கடிகாரமாக்குங்கள்

ஓதம் என்பது கடல் நீரின் ஏற்ற இறக்கம்; அதனால் தேம்ஸில் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு முறை நீர் வற்றும். அதாவது நேற்று காலை 6 மணிக்கு வற்றினால் இன்று சுமார் 6.50-க்கு. லண்டன் பாலத்தருகே பெரிய ஓத நாளில் நீர்மட்டம் சுமார் 7 மீட்டர் ஏறி இறங்கும். கதை நடக்கும் நாட்களுக்கு ஓர் ஓத அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். ஹெட்டி எப்போது கிடங்கின் அடியில் நிற்கலாம், எப்போது மூழ்குவாள் என்பதை அது தீர்மானிக்கும். பரபரப்புக்காகத் தனியாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்காது.

படி 9: தமிழில் லண்டன்

ஹெட்டி காசிமேட்டுத் தமிழ் பேசினால் வாசகர் வேறு ஊருக்குப் போய்விடுவார். மேடைத் தமிழ் பேசினால் ஆளே செத்துவிடுவாள். எந்த ஊருக்கும் சொந்தமில்லாத எளிய பேச்சு மொழியை வையுங்கள். வாக்கியம் குட்டையாக, தொழில் சொல் நிறைய. பிஸ்டன், வால்வு, பாய்லர் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வதையே எழுதுங்கள். எழுத்தரை "நீங்க" என்று அழைத்துக்கொண்டிருந்தவள் எந்தப் பக்கத்தில் "நீ" என்கிறாள் என்பதைத் திட்டமிட்டு வையுங்கள். நம் மொழியில் அந்த ஓர் எழுத்தே ஒரு காட்சியைத் தாங்கும். அளவு, 40 ஆயிரம் சொல் போதும்.

படி 10: உச்சக்கட்டம்

பாய்லர் வெடிக்கட்டும், ஆனால் காரணத்தோடு. தண்ணீர் நீராவியாகும்போது சாதாரண அழுத்தத்தில் சுமார் 1,700 மடங்கு இடம் கேட்கும். தண்ணீர் குறைந்தால் அடுப்பின் மேல்தகடு நீருக்கு வெளியே வந்து பழுத்துச் சிவந்து பலம் இழக்கும். மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் இறங்குவதை அத்தியாயத்துக்கு ஒரு முறை காட்டுங்கள். சேஃப்டி வால்வின் மேல் கூடுதல் எடை தொங்க விட்டு அழுத்தத்தை ஏற்றியது யார் என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்; பேராசையால் அந்த எழுத்தரே செய்திருக்கட்டும்.

அப்போது ஹெட்டிக்கு ஒரு தேர்வு வர வேண்டும். அட்டைகளை எடுத்தால் குற்றம் நிரூபணமாகும். பிள்ளைகளை வெளியேற்றினால் அட்டைகள் எரிந்துபோகும். ஓதமும் ஏறிக்கொண்டிருக்கிறது. அவள் எதைத் தேர்ந்தாலும் விலை கொடுக்கட்டும். அட்டைகள் எரிந்துபோனால், செத்ததாகக் கணக்கில் இருக்கும் பிள்ளைகள் நேரில் வந்து நிற்பதே சாட்சி. ஆசிரியை அவர்களை வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவர் பெயரையும் கேட்பது நீதிமன்றக் காட்சியைவிட வலுவாக இருக்கும். பணக்காரத் தாத்தா திடீரென்று தோன்றி ஹெட்டியைத் தத்தெடுக்க வேண்டாம். அப்படி முடித்தால் இதுவரை அவள் கையால் சாதித்த எல்லாவற்றையும் அவளிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறோம்.

படி 11: திருத்தம்

முதல் பிரதியை மூன்று முறை, மூன்று வேலைக்காகப் படியுங்கள். முதல் வாசிப்பில் துப்பு நோட்டோடு ஒப்பிட்டு, விட்டுப்போன வரவுகளைச் சேருங்கள். இரண்டாவதில் ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஹெட்டி என்ன சாப்பிட்டாள், எத்தனை பென்ஸ் வைத்திருக்கிறாள் என்று ஓரத்தில் எழுதுங்கள். கணக்கு உதைக்கும் இடத்தில் கதையும் உதைக்கும். மூன்றாவதில் இயந்திர வருணனையை மட்டும் பாருங்கள். ஹெட்டியின் கை படாத, கால் படாத, மூக்குக்கு எட்டாத பித்தளை எதுவாக இருந்தாலும் வெட்டிவிடுங்கள். பிறகு பதினான்கு பதினைந்து வயதுள்ள ஒருவரிடம் கொடுத்து, யார் குற்றவாளி என்று எந்தப் பக்கத்தில் சந்தேகம் வந்தது என்று மட்டும் கேளுங்கள். நாவலின் முதல் கால்பகுதிக்குள் என்றால் எழுத்தருக்கு இன்னும் நல்ல குணம் கொடுக்க வேண்டும். கடைசி வரை வரவே இல்லை என்றால் கிழவியின் சண்டையை இன்னொரு முறை நடக்க விடுங்கள்.